கதவைச் சாத்தினால் கேட்கும்

சேலம் பைபாஸ் ஓரத்துக் கார் ஷோரூமில் டெஸ்ட் டிரைவுக்கென்று நிறுத்தியிருந்த அந்தக் கறுப்பு வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தினால், சாத்திய கையோடு வெளியுலகத்துச் சத்தமெல்லாம் அறுந்துபோய், உள்ளே இருப்பவருக்கு யார் எட்டாமல் போனார்களோ அவர்கள் குரல் கேட்கும் என்பது ஊருக்குத் தெரிந்த பிறகு திருச்செங்கோட்டில் நடந்த கூத்தைச் சொல்லி முடியாது. ஆனால் ஊர்க்காரர்களில் அதை முதன்முதலில் கேட்டவர் ஆழ்துளைக் கிணறு தோண்டும் போர் வண்டி முதலாளி செம்மலை என்பதைத்தான் ஊரில் ரொம்ப நாள் யாரும் நம்பவில்லை. ஏனென்றால் அவருக்குக் காது கேட்காது.

சுத்தமாகக் கேட்காது என்றில்லை. மீசை அரும்பிய வயதிலிருந்து கம்ப்ரசருக்குப் பக்கத்தில் நின்றவர். ஆந்திரா, கர்நாடகா, ராஜஸ்தான் என்று எந்தக் காட்டில் வண்டியை நிறுத்திப் பாறையைத் துளைத்தாலும் பகலும் இரவும் அந்த இரைச்சலுக்குள்ளேயே தின்று அந்த இரைச்சலுக்குள்ளேயே தூங்கியவர். வேலையை விட்டு, ஆள் வைத்து வண்டி ஓட்டும் அளவுக்கு வளர்ந்த பிறகும் அந்தக் கம்ப்ரசர் மட்டும் அவர் காதுக்குள் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. அவரிடம் ஒன்று சொல்ல வேண்டுமென்றால் அடிவயிற்றிலிருந்து கத்த வேண்டும், இல்லாவிட்டால் கையைக் காட்ட வேண்டும். போர் போடும் இடத்தில் எல்லோரும் கையால்தான் பேசுவார்கள். முஷ்டியை மூடினால் நிறுத்து, உள்ளங்கையைத் தூக்கினால் ராடை ஏற்று, விரல்களை உரசிக் காட்டினால் தண்ணீர் வந்துவிட்டது. அந்தப் பாஷை அப்படியே வீட்டுக்கும் வந்துவிட்டது. அவர் மனைவி பருவதம் காலையில் கட்டைவிரலைச் சாய்த்துக் காட்டினால் காபி, வயிற்றைத் தட்டினால் சோறு, இரண்டு கையையும் கூப்பினால் கோயிலுக்குப் போகலாம். சண்டையைக்கூடக் கையாலேயே முடித்துக்கொள்ளும் வீடு என்று அக்கம்பக்கத்தில் கேலி பேசுவார்கள்.

அவரிடம் ஏற்கெனவே ஒரு வண்டி இருந்தது. ஏழு பேர் உட்காரும் டீசல் வண்டி, சாம்பல் பூத்த வெள்ளை, மயிலைக் காளையின் நிறம், அதனால் அதற்கு மயிலை என்று பேர் வைத்திருந்தார். போர் போட்ட பாறைத்தூள் சீட்டுக்குள் இறங்கி, எத்தனை முறை வாட்டர் சர்வீஸ் விட்டாலும் பள்ளத்தில் இறங்கி ஏறினால் உள்ளே ஒரு வெள்ளைப் புகை எழும்பும். டிரைவர் பக்கத்துக் கதவைக் கொஞ்சம் தூக்கிச் சாத்த வேண்டும், ஏசி போட்டால் முதலில் ஒரு இருமல் இருமிவிட்டுத்தான் காற்று வரும், மூன்றாவது கியர் தன் இஷ்டத்துக்கு விழும். சத்தமோ கேட்கவே வேண்டாம், மலையடிவாரத்தில் திரும்பினால் தேர் வீதியில் கடை வைத்திருப்பவர்கள் செம்மலை வருகிறார் என்று எழுந்து நிற்பார்கள்.

போர் வண்டி உரிமையாளர் சங்கத்துக்கு அவரைத் தலைவராக்கிய வருஷம்தான் தொல்லை ஆரம்பித்தது. பொருளாளர் கொழந்தவேலு வாயைக் காதருகே கொண்டுவந்து கத்தினார்.

“ஏனுங் மாப்ள, தலைவரு ஆயிட்டு இன்னும் இந்தத் தகர டப்பாவுலயே வந்து எறங்குனா நம்ம மானம் என்னத்துக்கு ஆகறது? ஒருக்காப் போயி அந்தப் பெரிய வண்டிய ஓட்டித்தான் பாருங்களே. ஓட்டிப் பாக்கறதுக்குக் காசா கேக்கறாங்க?”

செம்மலைக்கு ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் மயிலையை விட்டுக்கொடுக்கவும் மனசில்லை. சும்மா இரண்டையும் வைத்துப் பார்த்துவிட்டு வரலாம் என்று ஒரு காலை வேளையில் மயிலையிலேயே சேலம் போய் இறங்கினார்.

ஷோரூமில் ஹேமலதா என்ற பெண் அவரை வரவேற்றாள். நாற்பதை நெருங்கிய, அலட்டிக்கொள்ளாத, விற்பனையில் ஊறிய பெண். லைசென்ஸை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு, அவரை ஸ்டியரிங் முன்னால் உட்கார வைத்து, தான் பக்கத்தில் ஏறிக் கதவைச் சாத்தினாள். கதவு சாத்திய சத்தம்கூட ‘தொப்’பென்று பஞ்சு மூட்டை விழுந்த மாதிரித்தான் இருந்தது. அந்த நொடியில், முப்பது வருஷத்துக்கும் மேலாக அவர் காதில் ஓடிக்கொண்டிருந்த கம்ப்ரசர் நின்றது.

செம்மலை முதலில் பயந்துபோனார். நெஞ்சுதான் நின்றுவிட்டதோ என்று கையை வைத்துப் பார்த்துக்கொண்டார். ஹேமலதா சீட்டிலிருந்து குளிர்காற்று வரும், முதுகைப் பிடித்துவிடும், மேலே கண்ணாடி திறக்கும் என்றெல்லாம் சாதாரணக் குரலில் சொல்லிக்கொண்டு வந்தாள், ஒவ்வொரு சொல்லும் அவருக்குத் தெளிவாகக் கேட்டது. வண்டி ஓடுகிறதா நிற்கிறதா என்றே தெரியவில்லை. பைபாஸில் ஏறியதும் அவள் வழக்கப்படி பேச்சை நிறுத்தினாள். அப்போது எங்கிருந்தோ எண்ணெயில் கடுகு பொரியும் சத்தம் வந்தது. அதற்குப் பின்னால் ஒரு பெண் தும்மினாள். ஒரு தும்மல், உடனே இன்னொன்று, கொஞ்சம் இடைவெளி விட்டு மூன்றாவது, கடைசியில் ‘அம்மாடி’ என்று ஒரு மூச்சு.

உலகத்தில் அப்படித் தும்முகிற ஒரே ஆள் அவர் மகள் தாரணி.

தாரணி கோயம்புத்தூரில் படிக்கப் போன இடத்தில் இளம்பரிதி என்ற பையனைப் பிடித்துப்போய், வேறு சனம் என்று தெரிந்தே அவனைக் கட்டிக்கொண்டவள். அவளுக்காகச் செம்மலை யாரையும் அடிக்கவில்லை, யாரையும் ஏவவில்லை, அதைச் சொல்லித்தான் தன்னைத் தானே சமாதானம் செய்துகொள்வார். ஆனால் குலக்கோயில் மண்டபத்தில் பங்காளிகள் கூடி, உன் மகளுக்கு என்ன சொல்கிறாய் என்று ஆளுக்கொரு பக்கம் கையை ஆட்டிக் கேட்டபோது, “எனக்கு மக இல்லீங்” என்று சொல்லிவிட்டு, அங்கேயே கிணற்றடியில் தலைமுழுகிவிட்டு வந்தவர். அன்றிலிருந்து அந்தப் பேர் வீட்டில் கையாலும் வாயாலும் பேசப்படவில்லை. பருவதமும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. சிரிக்கக்கூட மறந்துபோன மனுஷனாக அவர் அந்த வீட்டுக்குள் நடமாடிக்கொண்டிருந்தார். மகள் வேண்டும் என்று எத்தனையோ முறை நெஞ்சு அடித்துக்கொண்டது, ஆனால் நாலு பேர் முன்னால் சொன்ன சொல்லை எந்த நாலு பேர் முன்னால் திரும்ப எடுப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

ஷோரூம் வாசலில் வண்டியை நிறுத்தியும் அவர் இறங்கவில்லை. ஹேமலதா கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டு, “உங்களுக்கும் கேட்டுச்சுங்களா சார்?” என்றாள்.

“உனக்கும் கேக்குமா சாமி?”

“தெனமும் கேக்குது சார். இந்த வண்டி வந்ததுலருந்து நான் லீவே போடல.”

சொல்லிவிட்டு அவள் கதவைத் திறந்து இறங்கினாள்.

மறுநாளும் செம்மலை போனார். அதற்கடுத்த நாளும் போனார். ஓட்டிப் பார்ப்பதற்கு இவ்வளவு நாளா என்று சந்தேகப்பட்டு ஒருநாள் கொழந்தவேலுவும் தொற்றிக்கொண்டு வந்தார். போகும்போது பின்சீட்டில் சலசலவென்று பேசிக்கொண்டு போன மனுஷன், திரும்பி வரும்போது துண்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். கூட்டு வண்டி விஷயத்தில் மனஸ்தாபப்பட்டு, பேசாமலேயே செத்துப்போன தன் தம்பி, “அண்ணா, சோறு உண்டயா?” என்று கேட்டதாக அன்று சாயங்காலமே டீக்கடையில் சொல்லிவிட்டார். அவர் வாயில் போட்டது ஊர் வாயில் போட்ட மாதிரி.

அப்புறம் திருச்செங்கோடே கார் வாங்கக் கிளம்பியது. லைசென்ஸ் இருப்பவர்களுக்கு வந்த மரியாதையைச் சொல்ல வேண்டும். எட்டுப் போட்டுப் பாஸ் பண்ணியதோடு சரி, அதற்குமேல் ஸ்டியரிங்கைத் தொடாதவர்களையெல்லாம் சொந்தக்காரர்கள் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார்கள். கோழிப்பண்ணைக்காரர் வந்தார், விசைத்தறி வைத்திருப்பவர் வந்தார், ஆயுளில் காரே வாங்கப்போகாத கணக்கு வாத்தியார் நல்ல வேட்டி கட்டிக்கொண்டு வந்து, மைலேஜ் எவ்வளவு என்று கடனே என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பின்சீட்டில் ஏறிக்கொண்டார். செருப்பை வெளியே விட்டுத்தான் ஏற வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, ஆனாலும் எல்லோரும் விட்டார்கள். வளையல் போட்ட பெண்கள் சத்தம் வராமல் முந்தானையால் கையைச் சுற்றிக்கொண்டார்கள். என்ன கேட்டது என்று இறங்கியவரிடம் கேட்கக் கூடாது, அவராகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம் என்று ஒரு முறை தானாக உண்டானது. காத்திருப்பவர்களுக்கென்று ஷோரூம் வாசலில் ஒருவர் இளநீர்க் கடை போட்டுவிட்டார்.

ஏன் கேட்கிறது என்று யாரும் பெரிதாக மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. கண்ணாடி இரட்டைக் கண்ணாடி என்றார் ஒருவர். விலைக்குத் தகுந்த வசதி இருக்கத்தானே செய்யும் என்றார் இன்னொருவர். யாருக்கு என்ன கேட்கும் என்பதில்தான் பேச்சு. துபாயில் இருக்கும் மகன் குரலைக் கேட்க ஆசையாக வந்த ஒரு அம்மாவுக்கு மகன் கேட்கவே இல்லை, பள்ளிக்கூடத்தில் கூடப் படித்த, பேர்கூட மறந்துபோன ஒரு சிநேகிதி சிரிக்கிற சத்தம்தான் கேட்டது. அந்த அம்மா குறைப்பட்டுக்கொண்டபோது ஹேமலதா விவரமாகச் சொன்னாள்.

“பையன்கூட டெய்லி போன்ல பேசறீங்கல்லங்கமா? அப்ப அவரு கொரலு இதுல வராது. எட்டாதது மட்டுந்தான் இதுல கேக்கும்.”

செம்மலைக்கு எட்டாதது ஒன்றே ஒன்றுதான். அதனால் அவருக்கு எப்போது ஏறினாலும் தாரணியின் குரல்தான் கேட்டது. பாத்திரம் கழுவிக்கொண்டே வாய்க்குள் பாடுவாள், ராகம் சின்ன வயசில் போலவே ஊருக்கு வெளியே போய்த் திரும்பி வரும். யாரிடமோ வாடகை பேசுவாள். குக்கர் விசிலை எண்ணுவாள். ஒருநாள் பக்கத்திலேயே இன்னொரு குரல், ஒரு பெண்குழந்தையின் மழலை, “அம்மா, நீரு பேக்கு” என்றது. கன்னடம். தண்ணீர் வேண்டும். கர்நாடகத்துக் காடுகளில் விவசாயிகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லிய அதே சொல். எத்தனையோ பேருக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்த அவருக்கு, தனக்கு ஒரு பேத்தி இருக்கிறாள், அவள் தண்ணீர் கேட்கிறாள் என்று கார் சொல்லித்தான் தெரிந்தது. அன்றைக்கு வண்டியை ஓரம் கட்டச் சொல்லி ஹேமலதாவே பிரேக்கைக் காட்ட வேண்டியிருந்தது.

கேட்கத்தான் முடியும், பேச முடியாது. “தாரணீ” என்று அவர் ஒருமுறை கூப்பிட்டுப் பார்த்தார். அந்தப் பக்கம் அவள் பாட்டுக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வரும்போது மயிலையில் ஏறிக் கதவைத் தூக்கிச் சாத்துவார். சாவியைத் திருப்பியதும் கம்ப்ரசர் காதுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். கிளட்ச் முழங்காலைக் குத்தும், டேஷ்போர்டு கடகடவென்று பல்லடிக்கும், பாறைத்தூள் மூக்கில் ஏறும். அங்கே பஞ்சுமெத்தை, மகள் குரல், பேத்தி. இங்கே தகரம், தூசி, இரைச்சல். இரண்டையும் வைத்துப் பார்க்கத்தான் அவர் முதலில் போனார், இப்போது பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? இருந்திருந்து இந்தச் சனியனையா இத்தனை நாள் கட்டிக்கொண்டு அழுதோம் என்று மயிலையின் ஸ்டியரிங்கை ஒரு அடி அடித்தார். அதற்கு ஹாரன் அடித்துக்கொண்டது.

இதற்குள் கொழந்தவேலு பொறுக்க முடியாமல், அதே கறுப்பில் அதே மாதிரி புது வண்டி ஒன்றை வாங்கி, நாலு சக்கரத்திலும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, பூசணிக்காய் உடைத்து ஓட்டிக்கொண்டு வந்தார். கதவைச் சாத்தினால் ஏசி மூச்சு விடுகிற சத்தம் மட்டும்தான் கேட்டது. தம்பி வரவில்லை. அப்புறம் அந்த வண்டியில் அவர் சம்சாரம் கல்யாணங்களுக்குப் போய்வந்தாள். குரல் இருப்பது டெஸ்ட் டிரைவ் வண்டியில் மட்டும்தான் என்று தெரிந்ததும் ஷோரூமில் ஓட்டிப் பார்க்கிற கூட்டம் இன்னும் கூடியது, வாங்குகிறவர் ஒருவர்கூட இல்லை. ஓட்டினவன் நூறு, வாங்கினவன் ஒன்றா என்று மேலிடத்திலிருந்து கேள்வி வந்தது. மேனேஜர் நாலு நாள் விழித்துவிட்டு, அந்த வண்டியைக் கொச்சிக்கு அனுப்பிவிடச் சொல்லி உத்தரவு வந்திருப்பதாக அறிவித்தார்.

கொச்சிக்குப் போனால் மகள் போனாள். செம்மலை நேரே போய் ஹேமலதாவின் மேஜை முன்னால் உட்கார்ந்து, “புதுசு வேண்டாம், அந்த ஓட்டுன வண்டியவே நான் எடுத்துக்கறேன்” என்றார்.

“ஓட்டிப் பாத்த வண்டிய யாரும் கேக்க மாட்டாங்க சார்.”

“நான் கேக்கறேன். மயிலைய எடுத்துக்கிட்டு அதக் குடுங்க.”

ஒரே ஒரு சடங்கு பாக்கி இருந்தது. அவர்கள் வீட்டில் மாடு வாங்கினாலும் மனை வாங்கினாலும் வீட்டுப் பொம்பளை வந்து கண்ணால் பார்த்து, கையால் தொட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் முடிக்க மாட்டார்கள். இத்தனை நாளும் அவர் பருவதத்தை அந்த வண்டிப்பக்கமே கூட்டிவரவில்லை. ஊரே போய்வந்தும் தன் வீட்டுக்காரி போகவில்லையே என்று அவருக்கே உறுத்தலாகத்தான் இருந்தது. ஆனால் பெற்றவள், ஏறினால் தாரணிதான் கேட்கும். அத்தனை வருஷம் பேசாமல் உள்ளுக்குள் அமுக்கி வைத்திருப்பவள், அந்தத் தும்மலைக் கேட்டால் தாங்குவாளா? அவளுக்காகத்தான் மறைத்தார். இப்போது வேறு வழியில்லை என்று, போகிற வழியெல்லாம் என்ன சொல்லித் தேற்றுவது என்று யோசித்துக்கொண்டே மயிலையில் அவளைக் கூட்டிக்கொண்டு போனார்.

பருவதம் வண்டியைச் சுற்றி வந்தாள். டயரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். முன்சீட்டில் ஏறி, முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு உட்கார்ந்தாள். ஹேமலதா பின்னால் ஏறினாள். கதவு சாத்தியது, கம்ப்ரசர் நின்றது, பைபாஸில் ஏறினார்கள். தாரணி குழந்தைக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள், அசையாதே அசையாதே என்று அதட்டிக்கொண்டு. செம்மலை ஓரக்கண்ணால் மனைவியைப் பார்த்தார். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் தாரையாக இறங்கிக்கொண்டிருந்தது. கேட்டுவிட்டது.

மேம்பாலத்துக்கு அடியில் வண்டியை ஓரம் கட்டினார். “அழுவாதே. புள்ள நல்லாத்தான் இருக்கறா. அவளுக்கு ஒரு கொழந்தகூட இருக்குது, பாத்தயா” என்றார். அந்த மண்டபத்துக்குப் பிறகு மகளைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அதுதான்.

பருவதம் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். “தாரணியா? எனக்கு அவ கேக்கலீங்களே.”

“அப்பறம் எதுக்கு அழுவறே? யாரு கொரலு கேட்டுச்சு?”

“நீங்க” என்றாள் அவள்.

அவர் விழித்தார்.

“உங்க கொரலுதானுங்க கேட்டுச்சு. முந்தி ராஜஸ்தான்லருந்து வந்தா, கயித்துக்கட்டல்ல படுத்துக்கிட்டு, ஒட்டகம் தண்ணி லாரியத் தொரத்துன கதயெல்லாம் சொல்லிச் சிரிப்பீங்களே, அந்தச் சிரிப்பு. அதக் கேட்டு எத்தன நாளாச்சு.” அவள் மெதுவாகத்தான் பேசினாள். கத்தாத அவள் குரல் எப்படி இருக்கும் என்பதையே அவர் மறந்திருந்தார். கல்யாணமான புதிதில் கேட்ட அதே குரல், இவ்வளவு நாளும் அவள் தொண்டைக்குள்ளேயே இருந்திருக்கிறது.

“நான் பக்கத்துலயேதான இருக்கறேன்” என்றார்.

“இருக்கறீங்க” என்றாள் பருவதம்.

பின்சீட்டில் ஹேமலதா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எட்டாதது மட்டும்தான் இதில் கேட்கும் என்று அவள் துபாய்க்காரன் அம்மாவுக்குச் சொன்னது செம்மலைக்கு அப்போதுதான் உறைத்தது. பெற்ற தாய்க்கு மகள் கேட்கவில்லை. அப்படியென்றால்?

“நீ அவகிட்டப் பேசறயா?”

“வாரா வாரம்” என்றாள் பருவதம், ஒளிக்காமல். “வெள்ளிக்கெழம. கோயிலுக்குப் போறப்ப.”

“கோயிலுக்கு என்றகூடத்தான வர்றே?”

“உங்ககூட வர்றப்பத்தானுங்க அவகிட்டப் பேசுனேன். மயிலையில, உங்க பக்கத்துல உக்காந்துக்கிட்டு. கொழந்த பொறந்தத அவ மாமியா கூப்புட்டுச் சொன்னப்பவும் உங்க பக்கத்துலதான் இருந்தேன். ஸ்பீக்கர்ல போட்டுத்தான் பேசுவேன். எப்பவாச்சும் ஒருக்கா உங்க காதுல உழுந்தராதான்னு.”

செம்மலைக்கு நினைவு வந்தது. மலையடிவாரம் வரைக்கும் அவள் கைக்குள் எதையோ வைத்துக்கொண்டு வாயை அசைத்துக்கொண்டே வருவாள். கவசம் சொல்கிறாள் என்று நினைத்து, தெய்வபக்தியுள்ள சம்சாரம் என்று அவர் மற்றவர்களிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். வெள்ளிக்கிழமை தவறாமல் அந்தத் தகர வண்டிக்குள் மகள் வந்து உட்கார்ந்து, தும்மி, சிரித்து, பேத்தி பிறந்து, பேச்சுப் பழகி, தண்ணீர் கேட்டு, எல்லாம் நடந்திருக்கிறது. அவருக்குக் கேட்கவில்லை. கேட்கும் வண்டியைத் தேடி அவர் சேலம் வந்து செருப்பைக் கழற்றிவிட்டுக்கொண்டிருந்தார்.

கோபம்தான் முதலில் வந்தது. “நான் ஒரு மடையன், எனக்கு மட்டும் சொல்லக்கூடாதா?” என்று ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

“மக இல்லீன்னு சொன்னவருகிட்ட எப்பிடிங்க சொல்றது? நீங்க ஒருக்கா, ஒரே ஒருக்கா, அவ எப்பிடி இருக்கறாளோன்னு கேட்டுருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன்.”

வண்டிக்குள் தாரணி தலைபின்னி முடித்து, குழந்தையின் முதுகில் தட்டி, போ என்று அனுப்பினாள். செம்மலை அதைக் கடைசி வரைக்கும் கேட்டார். பிறகு, “எங்க இருக்கறா?” என்றார்.

“ஜிகணியில. பெங்களூருக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம். மாப்ள கம்பெனி அங்கதான்.”

“நீ போயிருக்கயா?”

“இல்லீங். நீங்க வராம நான் மட்டும் எப்பிடிப் போறது?”

ஷோரூமுக்கு வந்து இறங்கியதும் ஹேமலதா காகிதங்களை எடுத்தாள், எடுத்தவள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்ப உள்ளேயே வைத்தாள். செம்மலை அவளைக் கும்பிட்டார். “வண்டி நல்ல வண்டிதான் சாமி. கொச்சிக்காரங்களும் கேக்கட்டும். நீயும் யாருன்னு பாத்து, போக முடிஞ்சா ஒரு எட்டுப் போயிட்டு வா.” அவள் தலையை ஆட்டினாள். போக முடிகிற இடமா இல்லையா என்று அவளுக்குத்தான் தெரியும்.

மயிலையின் கதவைத் தூக்கிச் சாத்தினார். தருமபுரி தாண்டி, கிருஷ்ணகிரி தாண்டி, ஓசூர் தாண்டி அந்தத் தகரம் அதிர்ந்துகொண்டு போனது. பருவதம் வழியெல்லாம் இடது வலது என்று கையைக் காட்டிக்கொண்டு வந்தாள்; போன்வழியாகவே அந்த வழியை அவள் மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். ஓசூரில் ஆப்பிளும் பூவும் வாங்கினார்கள். என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று அவர் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே ஓட்டினார், ஒன்றும் தேறவில்லை. திரும்பிவிடலாமா என்றுகூட ஒரு டோல்கேட்டில் தோன்றியது. மகள் கதவைச் சாத்திவிட்டால் அப்புறம் அந்தக் காருக்குள் கேட்டதுகூடத் தன்னுடையது இல்லை என்று ஆகிவிடும், அந்தப் பயம்தான் அவருக்கு.

வெயில் தாழும் நேரத்தில் போய்ச் சேர்ந்தார்கள். வரிசையாக ஆறேழு வீடுகள், வாசலில் துணி காய்ந்துகொண்டிருந்தது. மயிலை போட்ட சத்தத்தில் எல்லா வீட்டுக் கதவும் திறந்தது. ஒரு கதவில் தாரணி நின்றாள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள், மூக்குக்கண்ணாடி போட்டிருந்தாள். அவள் காலைக் கட்டிக்கொண்டு இரட்டைப் பின்னலோடு ஒரு பெண்குழந்தை எட்டிப் பார்த்தது.

செம்மலை இறங்கி நாலடி தள்ளியே நின்றார். அதற்கு மேல் கால் போகவில்லை. தாரணி அம்மாவைப் பார்க்கவில்லை, அவரையே பார்த்தாள். அவள் உதடு அசைந்தது. அவருக்குக் கம்ப்ரசர்தான் கேட்டது.

“என்ன சாமி சொல்றே? கேக்கலயே” என்றார்.

அவள் கையைக் காட்டவில்லை. வாயைத் திறந்து இன்னும் சத்தமாகச் சொன்னாள். சொல் வந்து காதில் முட்டியது, உள்ளே நுழையவில்லை. அவர் வலது காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டு ஓரடி முன்னால் போனார். “இன்னும் கொஞ்சம் சத்தமாச் சொல்லு, தங்கம்.”

தாரணி மூச்சை இழுத்து, அந்த வரிசை வீடு முழுக்கத் திரும்பிப் பார்க்கிற மாதிரி, கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினாள். “எதுக்கு வந்தீங்கப்பா? இப்ப எதுக்கு வந்தீங்க?” பாதி கோபமாகக் கிளம்பிய குரல் ‘அப்பா’வில் வந்து உடைந்துவிட்டது.

இந்தமுறை செம்மலைக்கு ஒரு எழுத்துவிடாமல் கேட்டது. ஆனாலும் அவர் காதிலிருந்து கையை எடுக்கவில்லை. இன்னும் ஓரடி பக்கத்தில் போய், “கேக்கல சாமி” என்றார், “இன்னொருக்காச் சொல்லு.”